ஏலிக்குட்டி கேட்ட முறைக்காவல்

"கரை உடைஞ்சிருச்சு! எந்திரிங்கடா!"

பட்டப்பகலில், கஞ்சிக்கு வரிசை நிற்கும் நேரத்தில், வாவச்சன் போட்ட கூச்சலில் பள்ளிக்கூடத்து வெள்ள நிவாரண முகாமே அலறியடித்து ஓடியது. வேறு ஊர்க்காரர்களாக இருந்தால் கிழவர் உளறுகிறார் என்று கஞ்சியைக் குடித்திருப்பார்கள். இவர்கள் குட்டநாட்டுக்காரர்கள். ஆற்றைவிடத் தாழ்ந்த வயலில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு அந்தச் சொல் காதில் விழுந்தால் போதும், கால் தானாக ஓடும். முகாம் இருந்த சங்கனாச்சேரி மேட்டில் கரை ஏது, ஆறு ஏது என்று யாருக்கும் தோன்றவில்லை. அவர்களில் ஒருவரான கருணாகரன் வாசற்படியில் உருண்டு கையை முறித்துக்கொண்டார்.

"இந்த மனுஷனை இங்கிருந்து அனுப்புங்க. இல்லன்னா நாங்க போறோம்" என்று கட்டுப்போட்ட கையோடு முதலில் கத்தியதும் அவர்தான்.

வாவச்சன், ஆற்றுத் தண்ணீர் வயலுக்குள் வராமல் தடுக்கும் வெளிக்கரைக்குக் காவல்காரராக இருந்தவர். மறதி நோய் வந்து சில வருஷம் ஆகிறது. வீட்டில் இருந்தவரை தொல்லை இல்லை. கரையில் ஒரு நடை போவார், தண்ணீர் இருக்கவேண்டிய இடத்தில் இருப்பதைப் பார்ப்பார், திரும்பி வந்து சாப்பிடுவார். வெள்ளம் வீட்டை விழுங்கியபின் கரையைக் கண்ணால் பார்க்க வழியில்லை. அதனால் அது அவருக்குள் ஓயாமல் உடைந்துகொண்டிருந்தது. "கரை நிக்குது, மனுஷா" என்று ஒவ்வொரு தடவையும் பதில் சொல்லிச் சொல்லி மனைவி ஏலிக்குட்டிக்குத் தொண்டை கட்டிவிட்டது. எழுந்து போய்விடுவாரே என்று துண்டின் ஒரு முனையை அவர் மணிக்கட்டிலும் மறுமுனையைத் தன் மணிக்கட்டிலும் முடிந்துகொண்டாள். தூக்கமா? கிலோ என்ன விலை!

மறுநாள் காலை பஞ்சாயத்து மெம்பர் சுகதன் ஒரு முதியோர் இல்லத்து வண்டியோடு வந்து நின்றார்.

"சேச்சி, கோவப்படாதீங்க. கொஞ்ச நாளைக்குத்தான். அங்க கட்டில் இருக்கு, மருந்து இருக்கு."

"தண்ணி வடிஞ்சதும் கொண்டாந்து விடுவீங்கல்ல?"

"அது... பார்க்கலாம்."

"உங்க 'பார்க்கலாம்' எனக்குத் தெரியாதா? போன வெள்ளத்துல நம்ம ஊர் தங்கச்சனை இதே மாதிரி ஏத்திட்டுப் போனீங்களே, அவரு சவப்பெட்டியிலதானே திரும்பி வந்தாரு!"

முகாமில் மனநல ஆலோசனைக்கு வந்திருந்த ஷைனி என்ற பெண் மெல்லப் பக்கத்தில் உட்கார்ந்தாள். "அம்மச்சி, நீங்க தூங்கி எத்தனை நாளாச்சு? அவரைவிட உங்களைப் பார்த்தாத்தான் எனக்குப் பயமா இருக்கு. ஒருத்தரால தனியா முடியிற காரியமா இது?"

ஏலிக்குட்டிக்குப் பொத்துக்கொண்டு வந்தது கோபம். உண்மையைச் சொன்னால் வராதா? விடியற்காலையில்தான், இந்த மனுஷன் செத்துத் தொலைந்தால் என்ன என்று ஒரு நொடி நினைத்திருந்தாள். நினைத்த நெஞ்சு இன்னும் எரிந்தது. ஆனால் 'தனியா' என்ற அந்தச் சொல் அவளை உலுக்கிவிட்டது. துண்டை இழுத்துக்கொண்டே எழுந்தாள்.

"எல்லாரும் கேளுங்க! ஆத்துல தண்ணி ஏறும்போது ஒருத்தனை மட்டும் கரையில விட்டுட்டு வீட்ல படுத்துத் தூங்கினவன் இங்க எவனாவது இருக்கீங்களா?"

தண்ணீர் ஏறினால் வீட்டுக்கு ஒருவர், முறை வைத்துக் காவல். முறை தவறியவன் வீட்டில் யாரும் பச்சைத் தண்ணீர் குடிக்கமாட்டார்கள்.

"அப்ப இந்தக் கரையில மட்டும் நான் ஒருத்தி எதுக்குத் தனியா நிக்கணும்? உங்க வயலுக்கெல்லாம் காவல் இருந்த மனுஷன் இவரு. இவரைப் பார்த்துக்கவும் முறை போடுங்க! முடியாதுன்னா அந்த வண்டி என்மேல ஏறித்தான் போகணும்."

"சேச்சி, இது என்ன வயலா?" என்று சுகதன் தொடங்கினார்.

"கரை உடைஞ்சிருச்சு!" வாவச்சன் மறுபடியும் கத்தினார்.

ஹாலில் அத்தனை கால்களும் துடித்தன. ஏலிக்குட்டி பதில் சொல்ல வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது.

"உடைப்புல சேறு போட்டாச்சு, சேட்டா! மூங்கிலும் அடிச்சாச்சு. கரை நிக்குது!" மூலையிலிருந்து குரல் கொடுத்தது கருணாகரன்.

வாவச்சன் திரும்பினார். "மேற்க யாரு காவல்?"

"நான்தான், கருணாகரன்."

"நீயா? உக்காந்தா தூங்கிருவியேடா!"

வெள்ளம் வந்த பிறகு அந்த ஹால் முதல் தடவையாகச் சிரித்தது. கருணாகரனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "அப்ப நீங்களே வந்து பக்கத்துல உக்காருங்க" என்றபடி எழுந்து வந்தார்.

"கஞ்சிக்கு அப்புறம் என் முறை" என்றாள் ஒருத்தி. "சாயங்காலம் நான்" என்றார் இன்னொருவர்.

"அப்ப வண்டியை என்ன பண்றது?" என்றார் சுகதன்.

"கட்டிலையும் மருந்தையும் இங்க இறக்கிட்டு ஓட்டிட்டுப் போங்க" என்றாள் ஏலிக்குட்டி, கட்டிய தொண்டையோடு. "ஷைனி மோளே, உனக்கும் ஒரு முறை உண்டு. புத்தி சொல்லிட்டு நழுவிரலாம்னு பார்க்காதே."

ஷைனி சிரித்துக்கொண்டே தலையாட்டினாள்.

தன் மணிக்கட்டு முடிச்சை அவிழ்த்தாள் ஏலிக்குட்டி. அங்கே தோல் சிவந்து கன்றியிருந்தது. அந்த முனையைக் கருணாகரனின் நல்ல கையில் முடிந்துவிட்டு, சுவரோரம் போய்ப் பாயில் சாய்ந்தாள்.

சற்று நேரத்தில் வாவச்சன் மறுபடியும் கத்தினார். "நிக்குது, சேட்டா!" என்று ஹாலே பதில் சொன்னது. ஏலிக்குட்டி புரண்டுகூடப் படுக்கவில்லை.