பட்டறைக்குப் பின்னால் ஓடும் ஓடை

சுற்றுச்சூழல் அறிவியல் இறுதியாண்டுக் களப்பணிக்கு ஊர் ஓடையைத் துண்டு துண்டாகப் பிரித்துக் கொடுத்தார்கள். அவளுக்கு வாய்த்தது சாயப்பட்டறைக்குப் பின்னால் ஓடும் துண்டு. அந்தப் பட்டறையில் அவளுடைய அண்ணன் சூப்பர்வைசர்.

"வேற யாருக்காவது மாத்திவிடு," என்றான் அண்ணன், தட்டிலிருந்து தலையைத் தூக்காமல்.

"மாத்த மாட்டாங்க."

"கேட்டியா?"

கேட்கவில்லை. கேட்கிற உத்தேசமும் இல்லை. அது அவனுக்கும் தெரிந்தது.

"அங்க வந்து என் மானத்த வாங்கினே, அப்புறம் தங்கச்சின்னு பாக்க மாட்டேன்."

அண்ணி குழந்தையைத் தூக்கிக்கொண்டு எழுந்து போனாள். அம்மா மட்டும் முணுமுணுத்தாள்: "படிக்க அனுப்பினா சாக்கடையக் கிண்டிட்டு வருது."

களத்துக்கு அவளோடு வந்தவன் வகுப்பிலேயே உயரமானவன். ஒட்டடைக்குச்சி என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். முதலில் பட்டறைக்கு மேற்புறம் இறங்கினார்கள். அங்கே கல்லைப் புரட்டினால் அடியில் பூச்சிகள் அப்பிக்கொண்டிருந்தன. கீழ்ப்புறம் தண்ணீர் கருநீலமாக, வெதுவெதுப்பாக இருந்தது. சேற்றைச் சல்லடையில் அலசினால் சிவப்புப் புழுக்கள் மட்டும் நெளிந்தன. மூச்சுவிட ஏதுமில்லாத தண்ணீரிலும் பிழைக்கிற ஜென்மங்கள். குமிழி நுழையாமல் குப்பிகளை நீருக்குள்ளேயே மூடி, ஐஸ் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தபோது பட்டறையின் பின்கதவு திறந்தது. அண்ணன் இரண்டு ஆட்களோடு வந்தான்.

"யாரக் கேட்டு எறங்கினே?"

"ஓடை உங்க பட்டறைக்குச் சொந்தமில்ல."

"வாயப் பாரு வாய!"

பெட்டியைத் திறந்து குப்பிகளை ஒவ்வொன்றாக எடுத்து ஓடையிலேயே கவிழ்த்தான். ஆட்கள் சிரித்தார்கள். தடுக்கப்போன ஒட்டடைக்குச்சியை ஒருவன் நெஞ்சில் கைவைத்துத் தள்ள, அவன் சேற்றில் பொத்தென்று உட்கார்ந்தான்.

"தண்ணி வத்திப்போச்சுன்னு உங்க மேடம்கிட்ட போய்ச் சொல்லு," என்றான் அண்ணன்.

சல்லடையில் மிஞ்சியிருந்த சேற்றைச் சாப்பாட்டு டப்பாவில் வழித்துக்கொண்டு அவள் ஆய்வகத்துக்கு ஓடினாள். பேராசிரியை டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு மூடினார்.

"இது சாம்பிள் இல்ல, வெறும் சேறு. கொட்டிட்டு வா."

"எங்களத் தள்ளிவிட்டாங்க மேடம்."

"அதுக்குப் போலீஸ்ல புகார் கொடு. சுத்தமா எடுத்த சாம்பிள் இல்லாம என்னால ஒரு வரி எழுத முடியாது."

அந்த நிமிடம் அண்ணனைவிட இவர்மேல்தான் அவளுக்கு வெறுப்பாக இருந்தது. ஆனால் அவர் சொன்னதில் தப்பு கண்டுபிடிக்க முடியவில்லை.

மறுபடி போனபோது பட்டறைப் பக்கம் ஒதுங்கவே இல்லை. பட்டறையைத் தாண்டி ஓடை பெரிய சாலைக்கு அடியில் போகிற பாலத்தில் நின்று, பேருந்துக்குக் காத்திருந்த கூட்டத்துக்கு நடுவில் கயிற்றில் கட்டிய கலனை இறக்கினாள். அண்ணன் மோட்டார் சைக்கிளில் வந்து பக்கத்தில் நிறுத்தினான். அத்தனை கண்களுக்கு முன்னால் கைவைக்க முடியவில்லை.

"வீட்டுக்கு வருவேல்ல?" என்றான் மெதுவாக.

"வருவேன்."

போனாள். அவளுடைய புத்தகங்கள் கொல்லைப்புறத் துவைக்கிற கல்லில் நனைந்து உப்பிக் கிடந்தன. செய்தது அண்ணன் இல்லை, அம்மா.

ஓடையில் பிராணவாயு இல்லையென்றே சொல்லலாம் என்று முடிவு வந்தது. உப்போ மேற்புறத்தைவிடப் பல மடங்கு. பேராசிரியை அறிக்கையை மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்துக்கு அனுப்பினார். பட்டறையின் கழிவுக் குழாய்க்குச் சீல் வைத்தார்கள். பாதி ஆட்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். அவர்கள் அண்ணனைப் பார்த்துக் காறித் துப்ப, அவன் வீட்டுக்கு வந்து சுவரில் குத்தினான். தெருவில் அவளைக் கண்டால் பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள்.

ஒரு காலை அண்ணி ஒரு பாட்டிலை அவள் முன்னால் டொக்கென்று வைத்தாள்.

"நம்ம கெணத்துத் தண்ணி. கொழந்தைக்குக் குடுக்கலாமா?"

"பாத்தாத்தான் தெரியும் அண்ணி."

"அப்ப பாரு. பயத்தக் கெளப்பிவிட்டது நீதானே?"

அந்தப் பாட்டில் உதவாது என்று சொல்லிவிட்டு, ஆய்வகக் குப்பியில் தானே மொண்டு கொண்டுபோனாள். தண்ணீர் நன்றாக இருந்தது. நம்பாமல் இன்னொரு தடவை சோதித்தாள். இந்தத் தடவையாவது கெட்டதாக வராதா என்று மனம் ஏங்கியதை உணர்ந்தபோது அவளுக்கே உடம்பு கூசியது. மறுபடியும் நல்ல தண்ணீர்தான்.

வீட்டில் சொன்னாள். அண்ணன் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டு தெருவுக்கு ஓடினான்.

"எல்லாரும் கேட்டுக்கங்க! படிச்ச மேதாவி சொல்றா, கெணத்துத் தண்ணி நல்ல தண்ணியாம்! இதுக்குத்தான் அத்தன குடும்பத்துச் சோத்துல மண்ணப் போட்டா!"

கூட்டம் கூடிவிட்டது. அவள் வாசலில் நின்று கத்தினாள்: "கெணறு நல்லாருக்கு. ஓடை செத்துப்போச்சு. ரெண்டையும் சோதிச்சது நான்தான். ரெண்டும் உண்மை!"

"நேத்து ஒண்ணு, இன்னிக்கு ஒண்ணா?" என்றது ஒரு குரல்.

"நாக்கா அது, தாம்புக்கயிறா? இழுத்த பக்கமெல்லாம் போகுதே!" என்றது இன்னொன்று. சிரிப்பு எழுந்தது. அவள் சொன்னதை ஒருவரும் காதில் வாங்கவில்லை.

இரண்டொரு நாளில் விடுதியில் இடம் கிடைத்தது. பெட்டி தூக்க ஒட்டடைக்குச்சி வந்தான். அண்ணன் அறையைவிட்டு வெளியே வரவில்லை. கிணற்றடியில் அண்ணி குழந்தையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். வாயில் ஒழுகிய தண்ணீரைக் குழந்தை சப்புக்கொட்டிக் குடித்தது. அண்ணி தடுக்கவில்லை, திரும்பியும் பார்க்கவில்லை.

"போயிட்டு வரேம்மா," என்றாள் அவள்.

"போ," என்றாள் அம்மா உள்ளேயிருந்து. "வரேன்னெல்லாம் சொல்லாத."