கம்பா, அரிவாளா

என் புருஷன் ஆஸ்பர்னுக்கு இரக்கம் கொஞ்சம் அதிகம். ஊரில் அதை நல்ல குணம் என்று சொல்கிறார்கள். சொல்லிவிட்டு என் வீட்டு பீரை வாங்கிக் குடித்துவிட்டுப் போகிறார்கள். அந்த நல்ல குணத்தால் நாங்களும் எங்கள் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் பண்ணையாட்களாகப் போனோம் என்று நினைத்தால் எனக்கு வயிறு பற்றி எரிகிறது.

என் பெயர் குன்னோரா. பீர் காய்ச்சுகிறவள். பானையில் பீர் பதமாகிவிட்டால் வாசலில் ஒரு கழியை நட்டு அதன் நுனியில் தழையைக் கட்டுவேன். அதைப் பார்த்ததும் பாதி ஊர் வந்துவிடும். குடிக்க வருகிறவன் வாயிலிருந்து எல்லாமே வரும் என்பதால் இந்த ஊர் ஆண்களைப் பற்றி எனக்குத் தெரியாதது எதுவும் இல்லை.

ஆஸ்பர்னின் நிலம் அவன் தாத்தா காலத்திலிருந்து வருகிறது. வருஷத்துக்கு ஒருமுறை பிரபுவுக்குக் குத்தகை கட்டினால் போதும், வேறு எந்தப் பிடுங்கலும் கிடையாது. சுதந்திரக் குடி. அதற்குத் தோல் ஏட்டில் எழுத்து ஒன்றும் இல்லை. எதற்கு? ஊருக்கே தெரிந்த விஷயம்தானே என்று இருந்துவிட்டோம்.

அறுவடை சமயத்தில் மழை மிரட்டினால் பிரபுவின் காரியக்காரர் ஃபுல்க் வீடு வீடாக வருவார். மூன்று நாள் எல்லோரும் வந்து கோதுமையை அறுத்துக் கொடுக்க வேண்டும். அதற்கு 'அன்பு வேலை' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பண்ணையாட்கள் வந்தே தீர வேண்டும். சுதந்திரக் குடிகள் மனம் இருந்தால் வரலாம். அப்படி வந்தாலும் அவர்கள் குனிவதில்லை. பட்டை உரித்த வெள்ளைக் கம்பு ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு, அறுக்கிறவர்கள் ஒழுங்காக அறுக்கிறார்களா என்று நின்று பார்ப்பார்கள். கம்பு பிடித்தவன் சுதந்திரக் குடி, அரிவாள் பிடித்தவன் பண்ணையாள். எங்கள் ஊரில் குழந்தைக்குக்கூட இது தெரியும்.

நாலு வருஷம் முன்னால், விடாமல் மழை பெய்த அந்த ஆகஸ்டில், ஃபுல்க் என் வாசலில் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஆஸ்பர்ன் தம்பி, கொஞ்சம் தயவு பண்ணுப்பா. கதிரெல்லாம் முளைவிட்டுடும் போல இருக்கு. நீ வந்து சும்மா கம்பைப் புடிச்சுக்கிட்டு நின்னாப் போதும்."

"அதுக்கென்ன, வந்தாப் போச்சு" என்றான் இவன்.

"யோவ், உனக்கு வேற வேலை இல்லையா? நம்ம கதிரே வயல்ல கெடக்கு" என்றேன்.

"போடி. கேட்டு வந்த மனுஷனை வெறுங்கையோட அனுப்பச் சொல்றியா?"

போனான். கம்பும் பிடித்தான். அவன் நின்ற இடத்துக்கு நேரே ஆல்ட்ரட் அறுத்துக்கொண்டிருந்தார். அறுபது தாண்டிய பண்ணையாள். அவருடைய ஒரே மகன் அரசருடைய சண்டைக்கு வண்டியோட்டக் கடல் தாண்டிப் போனவன், திரும்பி வரவே இல்லை. மகன் அறுக்க வேண்டிய வரிசையும் இந்தக் கிழவர் தலையில்தான். இடுப்பு வளையவில்லை, கை நடுங்குகிறது. மதிய மணி அடிப்பதற்குள் முடிக்காதவனுக்கு ரொட்டி கிடையாது என்று ஃபுல்க் கத்திக்கொண்டிருக்கிறார். மேற்கே வானம் கறுத்துக்கொண்டு வருகிறது.

ஆஸ்பர்ன் கம்பைக் கீழே போட்டான்.

"குடுங்கண்ணே, நான் பாத்துக்கிறேன். நீங்க அந்தக் கட்டு மேல குந்துங்க" என்று அரிவாளை வாங்கிக்கொண்டான். மூன்று நாளும் அறுத்தான். அடுத்த வருஷமும் அதே கிழவர், அதே வரிசை. அதற்கு அடுத்த வருஷமும் அப்படித்தான். ஒவ்வொரு வருஷமும் ஃபுல்க் அவன் தோளைத் தட்டி, "உன்னை மாதிரி மனுஷன் கெடைக்கணுமே" என்றார். அவர் பின்னால் வண்டியில் உட்கார்ந்திருந்த பண்ணை எழுத்தன் தோல் சுருளில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தான். ஆட்டுக்கணக்கு எழுதுகிறான் என்று நினைத்தேன். மடச்சி நான்.

நாலாவது வருஷம் தொப்பியைக் கழற்றிக்கொண்டு யாரும் வரவில்லை. ஏவலாள் வந்து வேலிக்கு வெளியே நின்றபடியே குரல் கொடுத்தான்.

"ஆஸ்பர்ன்! நாளைக்கு அரிவாளோட வயலுக்கு வந்துரணும். காரியக்காரர் உத்தரவு."

"உத்தரவா? யாருக்குடா உத்தரவு?" என்று ஆஸ்பர்ன் சிரித்தான்.

"சிரிப்பை அப்புறம் வெச்சுக்க. ஏட்டுல இருக்கு. ஆஸ்பர்ன், மூணு நாள், அரிவாள். மூணு வருஷமா எழுதியிருக்கு."

அதற்கு என்ன அர்த்தம் என்று எங்களுக்கு உடனே புரிந்தது. மூன்று வருஷம் அரிவாள் பிடித்தவன் பண்ணையாள். பண்ணையாள் என்றால் நிலம் எங்களுடையது இல்லை. என் மகள் எம்மட்டுக்குக் கல்யாணம் பண்ண பிரபுவிடம் அனுமதி வாங்கிக் காசு கட்ட வேண்டும். ஆஸ்பர்ன் செத்தால் அவன் உடம்பு சூடு ஆறுவதற்கு முன்னால் எங்கள் தொழுவத்தில் உள்ள நல்ல மாட்டை அவிழ்த்துக்கொண்டு போவார்கள். ஒரு கிழவரின் இடுப்பு வலிக்காக!

ஆஸ்பர்ன் வயலுக்குப் போகவில்லை. "அரசர் கோர்ட்டு இருக்கு. அரசரோட நீதிபதி ஊர் ஊரா வர்றாரு. அங்க இந்த ஃபுல்க்கோட பருப்பு வேகாது" என்றான். நானும் நம்பினேன். இங்கிலாந்து முழுவதற்கும் ஒரே நீதி, பிரபு ஆனாலும் சரி, பிச்சைக்காரன் ஆனாலும் சரி என்று சந்தையில் பறைசாற்றியதை என் காதால் கேட்டவள் நான். பன்றியை விற்று வழக்குப் போட்டோம்.

செப்டம்பர் கடைசியில் நீதிபதி கோட்டை ஊருக்கு வந்தார். இரண்டு நாள் நடந்து போனோம். ஆல்ட்ரட் கிழவரும் தடியை ஊன்றிக்கொண்டு கூடவே வந்தார்.

"நான் சொல்றேன்மா. எனக்காகத்தானே அவன் குனிஞ்சான்? நான் சொன்னா நீதிபதி கேப்பாரு" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார்.

நீதிபதி பிரெஞ்சில் பேசினார். அவருடைய எழுத்தன் அதை எங்கள் பேச்சில் திருப்பிச் சொன்னான். நடந்ததைச் சொல்ல எங்கள் வட்டாரத்துச் சுதந்திரக் குடிகள் பன்னிரண்டு பேரைச் சத்தியம் வாங்கி நிறுத்தினார்கள். பன்னிரண்டு பேரும் என் வாசலில் குடித்தவர்கள். அவர்களுக்குத் தலைவன் பக்கத்து வீட்டு செர்லோ. என் மகளுக்கு ஞானஸ்நானத்தில் கை கொடுத்துத் தூக்கிய ஞானத்தகப்பன். அவனைப் பார்த்ததும் எனக்கு உயிர் வந்தது.

"இந்த ஆஸ்பர்ன் அன்பு வேலைக்கு வந்தபோது கையில் வைத்திருந்தது கம்பா, அரிவாளா?" என்று கேட்டார் நீதிபதி.

செர்லோ தொண்டையைச் செருமினான். "அரிவாளுங்க."

"எத்தனை வருஷம்?"

"மூணு வருஷமுங்க."

அவ்வளவுதான். வாயை மூடிக்கொண்டான். மற்ற பதினொரு பேரும் மாடு மாதிரித் தலையை ஆட்டினார்கள்.

பின்னால் நின்ற ஆல்ட்ரட், "ஐயா, அது எனக்காகங்க! அரிவாள் என்னுதுங்க!" என்று கத்தினார். காவலாள் ஈட்டிக் கம்பால் அவர் மார்பைத் தள்ளினான். "பண்ணையாளை யாரும் கேக்கலை. வாயை மூடு."

கடைசியில் ஆஸ்பர்னையே கேட்டார்கள். அறுத்தாயா?

"ஆமாங்க, அறுத்தேன். ஆனா அது எதுக்குன்னா..."

எழுத்தனின் பேனா 'ஆமா' என்ற இடத்தில் நின்றுவிட்டது. நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். இவன் அதற்கு மேல் பேசியது எதையும் அந்தப் பேனா தொடவில்லை. ஆஸ்பர்ன் பண்ணையாள் என்று தீர்ப்பு. பண்ணையாள் தன் பிரபுமேல் வழக்குப் போட முடியாது, அதனால் வழக்கே செல்லாது. செல்லாத வழக்குப் போட்டதற்கு அபராதம் வேறு. எல்லாம் சேர்த்து ஒரு பானை பீர் பொங்கி அடங்குகிற நேரம்கூட ஆகவில்லை.

யாராவது பொய் சொல்லியிருந்தால்கூட என் மனசு ஆறியிருக்கும். அந்தக் கூடத்தில் ஒருவன்கூடப் பொய் சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

ஊர் திரும்பிய வாரத்தில் செர்லோ, வெட்கம் கெட்டவன், கழியில் தழையைப் பார்த்துவிட்டுக் குவளையோடு வந்து நின்றான்.

"குன்னோரா, கோவமா இருக்கியா? என்னைப் பொய்ச் சத்தியம் பண்ணச் சொல்றியா? நரகத்துக்கு நான்ல போகணும்."

"பொய் சொல்ல வேண்டாம்டா. எதுக்கு அரிவாளைப் புடிச்சான்னு ஒரு வார்த்தை சொன்னா உன் நாக்கு அழுகிடுமா?"

"கேக்கலையே. கேட்டாத்தானே சொல்ல முடியும்?"

கழியைப் பிடுங்கி எறிந்தேன். அன்றிலிருந்து அந்தப் பன்னிரண்டு பேருக்கும் என் வாசலில் ஒரு சொட்டுக் கிடையாது. ஆஸ்பர்ன் மட்டும், "விடுடி, அவனுக்கும் புள்ளகுட்டி இருக்கு" என்றான். அன்றைக்கு அவனுக்கும் பீர் கொடுக்கவில்லை.

இந்த ஆகஸ்டில் ஆஸ்பர்ன் அரிவாளோடு போனான். பண்ணையாள் வீட்டில் பொண்டாட்டியைத் தவிர எல்லோரும் போக வேண்டும் என்பது வழக்கம். எம்மட்டும் கட்டுக் கட்டப் போனாள். எனக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. ஒரு வாளித் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு நானும் போனேன். ஆஸ்பர்னுக்குப் பக்கத்து வரிசையில் ஆல்ட்ரட். வயல் ஓரத்தில் சுதந்திரக் குடிகள் ஆறு பேர், கையில் வெள்ளைக் கம்பு. அவர்களில் செர்லோவும் ஒருவன். வண்டியில் பண்ணை எழுத்தன், மடியில் சுருள்.

வெயில் ஏறியதும் ஆல்ட்ரட் விழுந்தார். முகம் குப்புற, கதிருக்குள்.

செர்லோதான் கிட்ட நின்றான். மூன்று எட்டு எடுத்து வைத்தால் போதும். ஓர் எட்டு எடுத்து வைத்தான். பிறகு கண் வண்டிப் பக்கம் போனது. வைத்த காலைப் பின்னால் இழுத்துக்கொண்டான். ஆறு பேரும் அப்படியே நின்றார்கள். குனிந்தால் எழுதிவிடுவார்களே! கம்பைக் கீழே போட்டால் நாளைக்கு அவன் பிள்ளையும் என் மகள் மாதிரிக் கட்டுக் கட்டுவானே! ஒரு மனிதன் மண்ணைக் கவ்விக் கிடக்கிறான், பக்கத்தில் ஆறு தடியன்கள் கம்பைப் பிடித்துக்கொண்டு வேடிக்கை பார்க்கிறார்கள்.

ஆஸ்பர்ன்தான் ஓடிப்போய்த் தூக்கினான்.

"இனிமே எனக்கென்ன பயம்? குந்துங்கண்ணே" என்று அவரைக் கட்டின் நிழலில் சாய்த்துவிட்டு, தன் வரிசையை ஒரு வெட்டு, அவர் வரிசையை ஒரு வெட்டு என்று அறுக்க ஆரம்பித்தான். அவன் சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. நாலு வருஷமாக அவனைத் திட்டித் தீர்த்தவள் நான். அந்த நிமிஷம் அவன்மேல் எனக்குக் கோபமே வரவில்லை.

அப்போது ஃபுல்க் வண்டிப் பக்கம் திரும்பிச் சொன்னது என் காதில் விழுந்தது. "பாத்தியா, ரெண்டு வரிசை அறுக்கிறான். குறிச்சுக்கோ."

எழுத்தன் பேனாவை மையில் தோய்த்தான்.

நான் வண்டிக்குப் போனேன். "என்ன எழுதறே?"

"ஆஸ்பர்ன், ரெண்டு வரிசை."

வாளியைத் தூக்கி அந்தச் சுருள்மேல் கவிழ்த்தேன். சுருள் நனைந்து, மை ஓடி, எழுத்தன் மடியெல்லாம் கறுப்பு.

"ஐயோ, ஐயோ, ஏட்டை நாசம் பண்ணிட்டாளே!" என்று ஃபுல்க் குதித்தார்.

"இதையும் எழுதிக்கோங்க. ஆனா எதுக்கு ஊத்துனேன்னும் சேத்து எழுதணும்" என்றேன்.

அடுத்த வாரம் பிரபுவின் பண்ணை மன்றம் கூடியது. கூடத்தில் ஊரே இருந்தது. எழுத்தன் புதுச் சுருளை விரித்துப் படித்தான். 'ஆஸ்பர்ன் மனைவி குன்னோரா ஏட்டின்மேல் தண்ணீர் ஊற்றினாள். அபராதம் ஆறு பென்னி.'

"உண்மைதானே?" என்றார் ஃபுல்க்.

"உண்மைதான். எதுக்குன்னு எழுதினது எங்க?"

"அதை யாரும் கேக்கலை" என்றார் ஃபுல்க். சிலர் சிரித்தார்கள்.

கூடத்தின் பின்பக்கத்திலிருந்து தடி தரையில் தட்டும் சத்தம் வந்தது. ஆல்ட்ரட் எழுந்து நின்றார்.

"நான் கேக்கறேன்" என்றார்.

ஏவலாள் அவரை உட்காரச் சொன்னான். அவர் உட்காரவில்லை.