ஹேமலதா கண்டுபிடித்த முக்கால்

பரணிதரனின் இண்டர்வியூவுக்காகப் பக்கத்து வீட்டுக் கன்னியப்பன் தன் நாலு தறிகளையும் ஒரு மணி நேரம் நிறுத்தி வைத்தார். குடியாத்தத்தில் பட்டப்பகலில் விசைத்தறி நின்றால் ஒன்று கரண்ட் இல்லை, அல்லது எழவு விழுந்திருக்கிறது என்று அர்த்தம். "நீ நல்லா பேசு தம்பி, தறி எங்க ஓடிடப் போவுது" என்றார் மனிதர். அவர் ஒதுக்கிக் கொடுத்த அந்த அமைதியில் உட்கார்ந்துதான் பரணி பொய் சொன்னான்.

பரணிக்கு முப்பத்தைந்து வயது. தோல் பதனிடும் டேனரிகளுக்கு மென்பொருள் எழுதித் தரும் ஆம்பூர் கம்பெனி ஒன்றில், ஏழு பேரில் ஒருவனாகப் பதினோரு வருடமாகக் குப்பை கொட்டுகிறான். இப்போது சென்னையில் பெரிய கம்பெனி, சீனியர் இன்ஜினியர் வேலை, கடைசிச் சுற்று. காட்பாடியில் கல்யாணம் என்று ஆபீசில் புளுகிவிட்டு லீவு போட்டிருந்தான். இண்டர்வியூவுக்காக இஸ்திரி போட்ட சட்டை. திரையில் தெரியாத கீழ்ப்பாதிக்கு லுங்கி.

திரையில் சோபனா என்ற மேனேஜரும் கூட ஒருவரும் இருந்தார்கள். கேட்டதற்கெல்லாம் பரணி சரியாகவே பதில் சொன்னான். கடைசியில் சோபனா, "நீங்க தீர்த்து வெச்சதுலயே கஷ்டமான பிரச்சினை ஒண்ணு சொல்லுங்க" என்றார்.

நாலு நாளாக மனப்பாடம் செய்த சர்வர் கதையை எடுத்துவிட்டான். இரண்டாவது நிமிடமே அந்தக் கூட இருந்தவர் கொட்டாவியை மென்று விழுங்கியதைப் பார்த்தான். சட்டென்று வேறு கதைக்குத் தாவினான்.

டேனரியில் ஒவ்வொரு தோலையும் அளந்து, எத்தனை சதுர அடி என்று அதன் பின்பக்கம் எழுதுவார்கள். பன்னிரண்டே முக்கால் என்றால் பெரிதாக 12, அதன் தலைமாட்டில் சின்னதாக 3. அதாவது மூன்று கால். அங்கே எல்லோருக்கும் தெரிந்த கணக்கு, அதனாலேயே யாரும் யாருக்கும் சொல்வதில்லை. புதிதாக வந்த குமாஸ்தா அதை 12.3 என்று தட்டினார். மென்பொருளும் அப்படியே கூட்டிக்கொண்டு போக, ஒவ்வொரு லோடிலும் அளவு கம்மி. குடோன் பார்க்கும் வக்கார் அகமது பெரிய தோலை எடுத்துவிட்டுச் சின்னதை வைக்கிறார் என்று பழி வேறு.

சோபனா நிமிர்ந்து உட்கார்ந்தார். "அப்புறம்?"

"புரோகிராம் பூரா தேடினோம் மேடம். கெடைக்கல. அப்புறம் டேனரிக்கே போயி, அளக்கிற மெஷின் பக்கத்துல ஒரு நாள் பூரா நின்னு பார்த்தோம்."

"பார்த்தோம்னா? நீங்க பார்த்தீங்களா, வேற யாராவதா?"

நின்று பார்த்தது ஹேமலதா. கம்பெனியில் சேர்ந்து இரண்டு வருடம்தான் ஆகிறது. தோல் வாடைக்கு மூக்கைப் பொத்தாமல் காலையிலிருந்து நின்று, அளவு போடுகிறவரிடம் "இந்தச் சின்ன மூணு இன்னாத்துக்கு?" என்று கேட்டவள் அவள்தான். அன்றைக்குப் பரணி ஏசி அறையில் மூன்றாவது வாரமாகப் புரோகிராமைத் துழாவிக்கொண்டிருந்தான்.

"நான்தான் மேடம்" என்றான்.

"இப்படி எடத்துக்கே போய்ப் பார்க்கிற ஆள்தான் எங்களுக்கு வேணும்" என்றார் சோபனா. கொட்டாவி விட்டவர்கூடச் சிரித்தார். இண்டர்வியூ முடிந்ததும் பக்கத்து வீட்டில் தறிகள் தடதடவென்று ஓட ஆரம்பித்தன. பரணிக்குச் சந்தோஷப்படக் கூச்சமாக இருந்தது.

சாயங்காலம் ஹேமலதாவிடமிருந்து போன்.

"அண்ணா, கல்யாணத்துல இருக்கீங்களா? ஆபீஸ்ல யார்கிட்டயும் சொல்லிடாதீங்கண்ணா. சென்னைல ஒரு கம்பெனி, நாளைக்கு எனக்கு இண்டர்வியூ. சோபனான்னு ஒரு மேடமாம்."

பரணி போனை மறு காதுக்கு மாற்றினான்.

"பெருசா சொல்லிக்க என்கிட்ட அந்த முக்கால் மேட்டர் ஒண்ணுதாண்ணா இருக்குது. அத்தச் சொல்லட்டுமா?"

இதோ பார், நீ சொல்ல வேண்டியதை நான் சொல்லிவிட்டேன் என்று அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். ஆசை விடவில்லை. "அது வேணாம்மா. டேனரி சமாச்சாரம், அவங்களுக்குப் புரியாது. நீ அந்த ரிப்போர்ட்ட ஸ்பீடாக்கினியே, அத்தச் சொல்லு" என்றான்.

கொஞ்சம் தயங்கினாள். "நீங்க சொன்னா சரியாத்தாண்ணா இருக்கும்."

காலையில் சொன்ன பொய்யாவது பயத்தில் வாய் தவறி வந்தது. இது யோசித்துச் சொன்னது. அவனுக்கே அவனைப் பிடிக்கவில்லை.

மறுநாள் ஹேமலதாவுக்குப் பதினொரு மணிக்கு இண்டர்வியூ. பத்தே முக்காலுக்குள் மூன்று தடவை அவள் நம்பரை எடுத்தான், மூன்று தடவையும் போனைக் கவிழ்த்து வைத்தான். மத்தியானம் அவள் ஆபீசுக்கு வந்து நேராக அவன் மேஜைக்கு வந்தாள்.

"எப்டி போச்சு?"

"ரிப்போர்ட் கதையச் சொன்னேன். சும்மா தலையாட்டிக்கினே இருந்தாங்க. கடைசில அந்த மேடம் கேட்டாங்க, 'உங்க கம்பெனில ஒருத்தர் தோல் அளவுல தப்பு கண்டுபிடிச்சாராமே, பரணிதரன்னு, தெரியுமா'ன்னு."

பரணி மேஜையைப் பார்த்தான். "நீ இன்னா சொன்னே?"

"ஆமா மேடம், அவர்தான்னு சொன்னேன்."

"ஏம்மா?"

"இல்லன்னு சொன்னா உங்களுக்கு அந்த வேலை போய்டுமே." அவள் குரலில் கோபமே இல்லை. "நேத்து கேட்டிருந்தீங்கன்னா நானே குடுத்திருப்பேன்."

தன் இடத்துக்குப் போய்க் கம்ப்யூட்டரைத் திறந்துகொண்டாள். அதற்குப் பிறகுதான் பரணிக்கு முழுசாக உறைத்தது. இப்போது அவன் உண்மையைச் சொன்னால் அங்கே பொய்க்காரி ஆகப் போவது ஹேமலதா. தன் பொய்யில் அவளையும் கூட்டாளி ஆக்கிவிட்டிருந்தான்.

சோபனாவுக்கு மெயில் எழுத உட்கார்ந்தான். 'நாங்கள் கண்டுபிடித்ததை' என்று பழக்க தோஷத்தில் விரல் ஓடியது. அழித்தான். கண்டுபிடித்தது ஹேமலதா, நான் இல்லை. அதைச் சொல்ல வேண்டாம் என்று அவளைத் தடுத்தது நான். அவள் உங்களிடம் பொய் சொன்னது என்னைக் காப்பாற்ற. மூன்றே வரி எழுத ஒரு மணி நேரம் பிடித்தது. அவளுக்கும் ஒரு நகல் வைத்து அனுப்பினான்.

அவனுக்குப் பதில் வரவில்லை. இரண்டு நாள் கழித்து ஹேமலதா மேஜைக்கு வந்தாள்.

"மறுபடியும் பேசணும்னு கூப்ட்டிருக்காங்க."

"ரொம்ப சந்தோஷம்மா. உக்காரு, டீ சொல்றேன்."

"இல்ல சார், வேலை இருக்குது."

ஏழு பேர் மட்டும் இருந்த அந்த ஆபீசில் அதுவரை யாரும் அவனைச் சார் என்று கூப்பிட்டதில்லை.