மூன்றாம் எண் வண்டி

அட்டைப்பெட்டி கம்பெனி முதலாளி தன் காருக்கு மூன்று என்ற ஒற்றை எண்ணை ஏலத்தில் எடுத்தார். காரின் விலையைவிட எண்ணின் விலை அதிகம். மனைவி தலையில் அடித்துக்கொண்டாள்.

"நம்பரை வச்சுக்கிட்டு நாக்கு வழிக்கவா?"

"இனிமே ஒரு பய என்னை யாருன்னு கேக்க மாட்டான், பாரு."

சொன்னது பலித்தது. கறுப்புக் கண்ணாடியை இறக்காமலேயே போகிற இடமெல்லாம் கதவு திறந்தது. கம்பெனி வாசலில் புதிதாகச் சேர்ந்திருந்த காவலாளிகூட நம்பர் பலகையைக் கண்டதுமே விறைப்பாக நின்று சலாம் வைத்தான்.

ஒரு நாள் கார் பழுதுபார்க்கப் போயிற்று. வேலை முடிந்ததும் நேராகக் கம்பெனியில் கொண்டுவந்து விடும்படி மெக்கானிக்கிடம் சொல்லியிருந்தார் முதலாளி. மறுநாள் காலை அவர் வாடகை ஆட்டோவில் வந்து இறங்கினார். காவலாளி குறுக்கே கையை நீட்டினான்.

"யாருங்க நீங்க?"

முதலாளிக்குச் சுர்ரென்று ஏறியது. "யாரா? இந்தக் கம்பெனிக்கு முதலாளிய்யா நான்!"

காவலாளி அவரை ஏற இறங்கப் பார்த்தான்.

"காலங்காத்தால விளையாடாதீங்க சார். முதலாளி இப்பத்தான் உள்ள போனாரு. நான்தானே சலாம் வச்சேன்."