உச்சிவெயிலில் ஒரு பதில்

பொன்மணி மாடிப்படியில் இரண்டிரண்டாகத் தாவி இறங்கினாள். கழுத்தில் கிடந்த ஹெட்போன் நெஞ்சில் மோதி மோதிக் குதித்தது. அதற்குள்ளிருந்து, கூட வேலை பார்க்கும் சோலைராஜின் குரல், "யக்கா, இருக்கியளா? யக்கா!" என்று கொசு மாதிரிக் கத்திக்கொண்டிருந்தது. வாசல் கதவு விரியத் திறந்து கிடந்தது. செருப்புத் தேட நேரமில்லை.

வெளியே உச்சிவெயில். கரிசல் மண் அடுப்பில் வைத்த இரும்புச்சட்டியாகக் காய்ந்திருந்தது. தூரத்துக் காற்றாலைகள் ஒன்றுகூடச் சுற்றவில்லை. அறுப்பு முடிந்து பருத்திமார் பிடுங்கிய வெற்றுப் புஞ்சையில், வெடிப்புகளைத் தாண்டித் தாண்டி, அவளுடைய அம்மா வேலுத்தாய் கிணற்றைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தாள். ஓட்டமில்லை. யாரோ கூப்பிட்டார்கள், என்னவென்று கேட்டுவிட்டு வந்துவிடுவோம் என்கிற நிதானமான நடை.

"யம்மா! நில்லும்மா!"

"இந்தா வாரேன், வாரேன். கத்தாத" என்றாள் வேலுத்தாய். திரும்பிப் பார்க்கவில்லை. அது மகளுக்குச் சொன்ன பதில் இல்லை.

கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறு. பொன்மணி எட்டி அம்மாவின் சேலையைப் பிடித்தபோது, கிணற்றின் விளிம்புக்கும் அம்மாவின் வெறுங்காலுக்கும் நடுவில் ஓர் ஆடு படுக்கிற இடம்தான் மிச்சம். பிடித்த பிடியில் வேலுத்தாய் உலுக்கி எழுப்பப்பட்டவள் போல நின்றாள். மகளின் காலைக் குனிந்து பார்த்தாள்.

"ஏட்டி, கோட்டி புடிச்சிட்டா ஒனக்கு? இந்த வெயில்ல வெறுங்காலோட வந்திருக்க?"

பொன்மணிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தது.

மாசியில் தொடங்கியது இது. உச்சி நேரமானால் வேலுத்தாய் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டு, வாசலைப் பார்த்து "வாரேன்" என்பாள். முதலில் முற்றத்தோடு நின்றாள். பிறகு வேலிவரை. இப்போது கிணறு. கழுகுமலைச் சாலையை ஒட்டிய அந்த ஊரில், உச்சி நேரத்தில் வெளியிலிருந்து பேர் சொல்லிக் கூப்பிட்டால் முதல் கூப்பாட்டுக்கு யாரும் "ஏன்" என்று வாய் திறப்பதில்லை. மனிதர் என்றால் மூன்றாவது முறையும் கூப்பிடுவார். மற்றது இரண்டோடு நிறுத்திக்கொள்ளும்; அதற்குள் வாய் திறந்தவரைக் கூட்டிக்கொண்டு போய்விடும். கோவில்பட்டியிலிருந்து பார்சல் கொண்டுவருகிற பையன்கூட வாசலில் நின்று மூன்று தடவை தொண்டை கிழியக் கத்திவிட்டுத்தான் கொடுத்துவிட்டுப் போவான். அப்படிப்பட்ட ஊரில் முதல் கூப்பாட்டுக்கே பதில் சொல்கிறாள் வேலுத்தாய். அவள் காதில் விழும் கூப்பாடு வேறு யார் காதிலும் விழுந்ததில்லை.

இரண்டு வருடத்துக்கு முன் மாரடைப்பில் போன புருஷன் சங்கிலிப்பாண்டிதான் கூப்பிடுகிறார் என்று ஊர் முடிவு செய்துவிட்டது. அதைக் கேட்டு வேலுத்தாய் மட்டும் சிரித்தாள். "அந்த மனுசன் உசுரோட இருந்தப்பவே என்னையப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்ல. செத்த பெறவா கத்துக்கிட்டாவ?"

திருநெல்வேலி டாக்டர், இல்லாத குரல் கேட்பது ஒரு நோய் என்றார். சில வாரம் ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்க்க வேண்டும், தனியாக விடவே கூடாது என்றார். பொன்மணியின் தம்பி பாண்டிராஜ் இன்றைக்கே கார் எடுத்துக்கொண்டு வருகிறேன் என்றிருந்தான். நல்லதுதான். இன்றைக்கு மாடி ஜன்னல் வழியாகத் தற்செயலாகப் பார்த்ததால் ஓடிப் பிடிக்க முடிந்தது. நாளைக்குப் பார்க்காமல் போனால்?

அம்மாவை வீட்டுக்கு இழுத்து வந்து உள்ளே தள்ளிக் கதவை நாதாங்கி போட்டாள். மடிக்கணினியைக் கீழே கொண்டுவந்து, கதவுக்கு முதுகைக் கொடுத்துத் தரையில் உட்கார்ந்தாள். வேலுத்தாய் எதிரே சுவரோரம் மிளகாய் வற்றலைப் பரத்திக் காம்பு கிள்ளத் தொடங்கினாள், ஒன்றும் நடக்காத மாதிரி.

"யக்கா, எங்க போய்ட்டிய? நான் தனியாப் பேசிக்கிட்டு இருந்தேன். எங்க வீட்டுல என்னையப் பாத்து முழிக்காவ" என்றான் சோலைராஜ். அவனும் கோவில்பட்டி வீட்டிலிருந்து வேலை பார்ப்பவன். இருவருக்கும் பெங்களூரு கம்பெனிதான்; நெருக்கமாக்கியது ஊர்ப்பேச்சு.

"அம்மாவுக்கு மறுபடியும் அது. நீ சொல்லு."

"அது அப்படியேதான் நிக்குது. ரெண்டாவது எந்திரம் உசுரில்லாமக் கெடக்கு."

அவர்கள் வேலையை யாருக்காவது விளக்குவதென்றால் பொன்மணி இப்படிச் சொல்வாள்: உண்மையான கணினி ஒன்று. அதன் வயிற்றுக்குள் பொய்க் கணினிகள் பல. தாங்கள் பொய் என்று அவற்றுக்குத் தெரியாது. தங்களிடம் வட்டு இருக்கிறது, வலையட்டை இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருக்கும். அந்த வட்டும் அட்டையும்கூட நிரல் போடுகிற வேஷம்தான். பொய் எந்திரம் கண் விழித்ததும், வேஷம் போட்ட அட்டை அதனிடம், "என்னிடம் இன்னின்ன வசதி உண்டு, எது வேண்டும்?" என்று கேட்கும். எந்திரம், "இது போதும்" என்று பதில் சொல்லும். சொன்ன பிறகு மாற்ற முடியாது. கடைசிவரை இருவருக்கும் அந்த ஒப்பந்தம்தான்.

பழைய நிரலை எழுதிய புண்ணியவான், கேட்டதற்கும் பதிலுக்கும் ஒரே மாறியை, அதாவது விவரம் போட்டு வைக்கும் ஒரே பெட்டியை, வைத்திருந்தான். வசதிகள் என்று ஒரே பெயர். ஒரு வரியில் அது அட்டை கேட்டதைக் குறிக்கும். பத்து வரி தள்ளி எந்திரம் ஏற்றதைக் குறிக்கும். படிக்கிறவனுக்குத் தலை சுற்றும். அதைத் தெளிவாக்கும் வேலை பொன்மணியுடையது. அட்டை முன்வைத்ததை ஒரு மாறியிலும், எந்திரம் ஏற்றதை இன்னொரு மாறியிலும் பிரித்து எழுதினாள். கேட்காததை ஏற்றிருந்தால் நின்றுவிடு என்று ஒரு காவலும் போட்டாள். காலையிலிருந்து அந்தக் காவல்தான் கத்துகிறது. இரண்டாவது எந்திரம், யாருமே அதனிடம் கேட்காத ஒன்றுக்குச் சரி சொல்லியிருந்தது. சொன்ன கையோடு உறைந்து போயிருந்தது.

"கூப்பிடாத ஆளுக்கு ஏன்னு கேக்குது. ஒங்க ஊருப் பேயி எந்திரத்துக்குள்ளயும் ஏறிட்டு யக்கா" என்று சோலைராஜ் சிரித்தான். சிரித்த பிறகுதான் அவனுக்கு உறைத்தது. "தப்பா எடுத்துக்கிடாதிய. வாய் தவறிட்டு."

"பரவால்லடே."

"பேசாம அந்தப் பதில வெட்டி விட்டுருங்க. அது என்ன சொன்னாலும் காதுல வாங்காதன்னு ஒரு வரி. எந்திரம் எந்திரிச்சிரும். சாயங்காலம் அனுப்பிரலாம்."

அம்மாவுக்கு மாத்திரை கொடுத்துக் குரலை அடக்குவது மாதிரிதான். பொன்மணி அந்த வரியை எழுதியும்விட்டாள். விரல் அனுப்பும் பொத்தான் மேல் இருந்தது. எதிரே மிளகாய்க் காம்பு கிள்ளுகிற சத்தம் நின்றிருந்தது. நிமிர்ந்தாள். அம்மா கதவைப் பார்க்கவில்லை. பொன்மணியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். காய்ச்சலில் கிடக்கும் பிள்ளையைப் பார்க்கிற பார்வை. எதற்கு இவள் என்னை இப்படிப் பார்க்கிறாள்?

"என்னம்மா?"

"ஒண்ணுமில்ல. ஒஞ் சோலியப் பாரு."

பொன்மணி எழுதிய வரியை அழித்தாள். பதில் சொன்ன எந்திரத்தை விட்டுவிட்டு, கேள்வி எங்கிருந்து புறப்பட்டது என்று மேலே மேலே போய்த் தேடினாள். கோப்பின் தலைமாட்டில் அது கிடந்தது. அவள் பிரித்த பிறகும் அங்கே மிச்சமிருந்த அந்தப் பழைய மாறியை எந்திரத்துக்கு ஒன்றாக வைக்காமல் எல்லாவற்றுக்கும் பொதுவாக வெளியே வைத்திருந்தான் எழுதியவன். ஒரு வீட்டு வாசலில் கேட்ட கேள்வி அடுத்த வீட்டுக்கும் கேட்கும்.

யார் யாரிடம் கேட்டது என்கிற பதிவைத் திறந்து வரி வரியாகப் பார்த்தாள்.

அட்டை கேட்டிருக்கிறது. கேட்காமல் இல்லை. ஆனால் கேட்டது இரண்டாவது எந்திரத்திடம் அல்ல, முதலாவதிடம். முதலாவது இன்னும் வாய் திறக்கவில்லை. அதனால் அதற்கு ஒரு கேடும் வரவில்லை, நலமாக ஓடிக்கொண்டிருக்கிறது. முந்திக்கொண்டு பதில் சொன்னது இரண்டாவது. விழுந்து கிடப்பதும் அதுதான்.

"சோலை, அதுக்கு ஒரு நோவும் இல்லடே" என்றாள். தன் குரலே யாருடையதோ போலக் கேட்டது. "அடுத்தவளக் கூப்பிட்டதுக்கு இது பதில் சொல்லிருக்கு."

"அடுத்தவளா? என்ன யக்கா சொல்லுதிய?"

வாசலில் கார் வந்து நின்றது. அவள் ஹெட்போனைக் கழற்றித் தரையில் வைத்துவிட்டு எழுந்து நாதாங்கியை நீக்கினாள்.

பாண்டிராஜ் வியர்க்க வியர்க்க உள்ளே வந்தான். "டாக்டர் மூணு மணிக்குப் பாக்கேன்னிருக்காரு. யம்மா, கெளம்பு. ரெண்டு சேல எடுத்துக்கோ."

"பொழுது சாயட்டும்லே, வாரேன்."

"பொழுது சாஞ்சா டாக்டரு ஒனக்காகக் கடைய தொறந்து வச்சிருப்பாரா?"

"அப்ப ஒங்கக்காளும் வரட்டும். இங்கன தனியா விட்டுட்டுப் போக மாட்டேன்."

"அவளுக்கு என்ன, சின்னப் பிள்ளையா? யக்கா, நீயாச்சும் சொல்லு." அவன் அம்மாவின் கையைப் பிடித்துத் தூக்கினான். வற்றல் சிதறியது. வேலுத்தாய் சுவரில் சாய்ந்து காலை ஊன்றிக்கொண்டாள். அந்த ஒல்லி உடம்புக்குள் அவ்வளவு பலம் எங்கிருந்தது என்று தெரியவில்லை.

"விடுலே! இன்னிக்கு நான் போய்ச் சேரல. பாதியில இழுத்துட்டு வந்துட்டா. திரும்பக் கூப்பிடும். ஆளில்லைன்னா வீட்டுக்குள்ளயே வந்துரும்லே."

பாண்டிராஜ் அக்காவைப் பார்த்து, பார்த்தியா என்பதுபோல உதட்டைப் பிதுக்கினான்.

பொன்மணி அம்மாவின் அருகில் போனாள். ஊரும் டாக்டரும் தம்பியும் அவளும் இத்தனை நாளாகக் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்றுதான். யார் கூப்பிடுகிறார்கள் என்றே எல்லோரும் கேட்டார்கள். அம்மாவும் ஒருநாள்கூடப் பதில் சொன்னதில்லை. கேட்க வேண்டியது அதுவே இல்லை.

"யம்மா" என்றாள் மெதுவாக. "யாரக் கூப்பிடுது?"

வேலுத்தாயின் முகம் அப்படியே நின்றது. கன்னத்தில் ஒரு மிளகாய் விதை ஒட்டியிருந்தது. அவள் தலையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள்.

அப்போதுதான் வந்தது. கிணற்றுப் பக்கமிருந்து இல்லை. வேலிக்கு இந்தப் பக்கம், முற்றத்தில், காருக்கும் கதவுக்கும் நடுவில் நின்று கூப்பிடுகிற நெருக்கம். ஆண் குரலா பெண் குரலா என்று பிரிக்க முடியவில்லை. பசித்த வேளையில் சாப்பிட அழைக்கிற வாஞ்சை அதில் இருந்தது. பாண்டிராஜ் கார்ச் சாவியை விரலில் சுற்றிக்கொண்டு நின்றான்; அவன் காதில் எதுவும் விழவில்லை.

"பொன்மணீ..."

கேட்டதும் அவள் உதடுகள் தாமாகப் பிரிந்தன. ஏன் என்கிற சொல் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. அதற்குள் அம்மாவின் உள்ளங்கை பாய்ந்து வந்து அவள் வாயை அழுத்தி மூடியது. மிளகாய்க் காரம் உதட்டில் தீயாக எரிந்தது. கண்ணில் நீர் முட்டியது. மூடிய கையை எடுக்காமலே, மகளின் தலைக்கு மேலாக வாசலைப் பார்த்து வேலுத்தாய் மெல்லத் தலையசைத்தாள், கூப்பிட்டது தன்னைத்தான் என்பதுபோல.