பிரிட்டோவைச் சுமந்துகொண்டு கிழக்கே

ஜெசிந்தாவின் தம்பி பிரிட்டோ ஆன்லைன் விளையாட்டைவிட்டு வெளியே போய்ப் பத்தொன்பது நாள் ஆகியிருந்தது. அவனுடைய உடம்பு மட்டும் இடிந்த மாவு மில்லின் வாசலில் தூங்கிக்கொண்டிருந்தது.

விளையாட்டின் அந்த நகரத்தில் அதுதான் வழக்கம். ஆடுகிறவர் போய்விட்டால் உடம்பு நின்ற இடத்திலேயே படுத்துக்கொள்ளும். அவர் திரும்பி வரும்வரை அதை யார் வேண்டுமானாலும் என்ன வேண்டுமானாலும் செய்யலாம். முதலில் பையை எடுப்பார்கள். பிறகு சட்டையை. குளிர் அதிகமானால் மீதியையும்.

பிரிட்டோ ஷார்ஜாவில் ஏசி மெக்கானிக். ஜெசிந்தா தூத்துக்குடியில் ஒரு மருந்துக் கடையில் வேலை பார்த்தாள். போனில் பேசினால் ஐந்து நிமிடத்தில் இருவருக்கும் சண்டை வந்துவிடும். விளையாட்டில் வரவில்லை. அங்கே விறகு பொறுக்க வேண்டும், தண்ணீர் தேட வேண்டும், எதிரே வருகிறவர்களைச் சுட வேண்டும். இரண்டு வருடம் அக்காவும் தம்பியும் அப்படி ஒற்றுமையாக இருந்தார்கள்.

கடைசியாக அவன் சொன்னது, "ஒரு நிமிஷம்க்கா. யாரோ கதவத் தட்டுதாவ."

அவள் ஷார்ஜாவுக்குப் போன் போட்டாள். மணி மாவு மில்லுக்குள் அடித்தது. உள்ளே போய்த் தேடினாள். போன் இல்லை, மணி மட்டும் இருந்தது. வீட்டுக்குப் போகலாம் என்று வெளியேறும் கதவைத் திறந்தாள். அதற்குப் பின்னால் இன்னொரு மாவு மில் இருந்தது. அதன் வாசலில் யாரும் இல்லை. கதவைச் சாத்திவிட்டுத் தம்பியிடம் திரும்பி வந்தாள்.

தினமும் அவன் உதட்டைத் தண்ணீரால் நனைத்தாள். அவனிடம் பேசினாள். போனில் சொல்ல முடியாததையெல்லாம் சொன்னாள். அப்பாவின் கண் ஆபரேஷனுக்கு அவன் வராததைப் பற்றிக்கூடக் கோபமில்லாமல் சொன்னாள்.

பக்கத்து இடிபாட்டில் இருந்த தேவசுந்தரம் காலைதோறும் வந்து கேட்டார்.

"அந்த பெல்ட்ட மட்டும் தாரியளா?"

"அவன் வருவான், அண்ணாச்சி."

"வரட்டும். பெல்ட்டு இல்லாம வரட்டும்."

போன வாரம் அவர் பதிலுக்காக நின்று நின்று சுவராகிவிட்டார். சுவரான பிறகும் கேட்டார்.

இருபதாம் நாள் மஞ்சள் புகை தெருமுனைக்கு வந்தது. அது ஒரு நாளைக்கு ஒரு தெருவைத் தின்னும். தின்ற தெருவின் பெயர் மறுநாள் யாருக்கும் நினைவிருக்காது. கிழக்கே பழைய பஸ் ஸ்டாண்ட் மட்டும்தான் மிச்சம் என்று எல்லோரும் போய்விட்டார்கள்.

ஒருவர் நாற்பது எடை சுமக்கலாம். பிரிட்டோ மட்டுமே நாற்பது இருந்தான். அவள் துப்பாக்கியைக் கீழே வைத்தாள். தோட்டாக்களையும் அரிசி டின்னையும் வைத்தாள். அவனைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தாள்.

அவள் நடக்க நடக்கத் தெரு நீண்டது. ஒரே சலூனை நான்கு முறை கடந்தாள். நான்காவது முறை சலூன் கொஞ்சம் பழையதாகியிருந்தது.

நாற்சந்தியில் மூன்று பேர் துப்பாக்கியோடு நின்றார்கள். நடுவில் நின்றவள் கேட்டாள்.

"தூங்குறானா?"

"ஆமா."

"சுட்டுத் தரவா? செத்தவங்க பதினஞ்சு எடைதான்."

"வேண்டாம்."

"சும்மாதான். காசு கேக்கல."

"வேண்டாம்மா. அவன் வருவான்."

அந்தப் பெண் துப்பாக்கியை இறக்கினாள். "எங்க ஆளும் வருவான்னுதான் சொன்னோம்" என்றாள். வழிவிட்டார்கள்.

பஸ் ஸ்டாண்டின் கம்பிக் கதவுக்கு வெளியே ஒரு மேஜை போட்டிருந்தது. அதன் பின்னால் ஓர் அதிகாரி உட்கார்ந்து மாதுளை தின்றுகொண்டிருந்தார். அவள் பிரிட்டோவைத் தரையில் கிடத்தினாள்.

"இவர் திரும்பி வருவார்னு யார் சொன்னது?"

"நான்தான்."

"நீங்க அவருக்கு என்ன வேணும்?"

"அக்கா."

அவர் படிவத்தை இரண்டு பக்கமும் பார்த்தார். "அக்காவுக்கு இதுல கட்டம் இல்ல. பரவாயில்ல. உள்ள ஒரே ஒரு இடம்தான் இருக்கு."

"ரெண்டு பேரு இருக்கோம், சார்."

"தூங்குறவங்கன்னா ரெண்டு பேருக்கு ஒரு இடம். நீங்களும் தூங்கிட்டா கணக்கு சரியாப் போயிரும்."

"எங்கள யாரு உள்ள கொண்டு போவா?"

"நான் இழுத்துப் போட்டுருவேன்."

அவள் திரும்பிப் பார்த்தாள். சலூன் இருந்த இடத்தில் மஞ்சளாக இருந்தது. அவள் தம்பிக்குப் பக்கத்தில் படுத்தாள். கண்ணை மூடினாள். கையையும் காலையும் யாரோ வாங்கிக்கொண்டு போனதுபோல் இருந்தது.

தூங்குகிறவர்களுக்குக் காது கேட்கும் என்பது அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. அப்படியானால் அவன் எல்லாவற்றையும் கேட்டிருப்பான் என்று நினைத்தாள். சந்தோஷமாக இருந்தது.

பக்கத்தில் யாரோ இருமினார்கள். எழுந்து உட்கார்ந்தார்கள்.

"இது எந்த இடம்?" பிரிட்டோவின் குரல்தான்.

"வாசல்" என்றார் அதிகாரி. "முழிச்சிட்டீங்களா? உள்ள ஒரு இடம் இருக்கு. முழிச்சவங்களுக்குத்தான் முதல்ல."

"இவங்க யாரு?"

"உங்க கூட வந்தவங்க."

அவன் குனிந்து அவள் முகத்தைப் பார்த்தான். அவன் மூச்சு அவள் கன்னத்தில் பட்டது. வெகுநேரம் பார்த்தான். ஜெசிந்தா அவன் பெயரைச் சொல்ல முயன்றாள். வாய் அவளிடம் இல்லை.

"எனக்கு யாரையும் தெரியலியே" என்றான்.

"திரும்பி வர்றவங்க புதுசாத்தான் வருவாங்க. இங்க கையெழுத்துப் போடுங்க."

பேனா கீறியது.

"சார், தரை சுடுது. எனக்கு ஷூ இல்ல."

"வழியில யாராவது கழட்டியிருப்பாங்க. அவங்களுத எடுத்துக்கிடுங்க. தூங்குறவங்கதான?"

அவன் உடனே எடுக்கவில்லை. பிறகு அவள் காலடியில் உட்கார்ந்து கயிற்றை அவிழ்த்தான். இழுக்காமல், குதிகாலைக் கையில் தாங்கி மெதுவாகக் கழற்றினான். ஒன்று. பிறகு மற்றது. அவள் கால்களைச் சேர்த்து வைத்தான்.

"மன்னிச்சுக்கிடுங்க" என்றான். அவளிடம் அவன் மரியாதையாகப் பேசியது அதுவே முதல் தடவை.

ஷூ அவனுக்குச் சின்னது. பின்பக்கத்தை மிதித்துக்கொண்டு நடக்கிறான் என்பது சத்தத்தில் தெரிந்தது. கம்பிக் கதவு திறந்தது. மூடியது. அதற்கப்புறமும் சத்தம் கொஞ்ச தூரம் கேட்டது. நொண்டாமல்தான் நடந்தான்.

அதிகாரி மேஜையை மடித்தார்.

புகை அவள் வெறும் பாதங்களில் முதலில் குளிர்ந்தது.