சாமைக்காட்டுப் பட்டாவும் இரண்டு இசைத்தட்டுகளும்

1

இக்கதை பிறந்த இடம் ஒடுகத்தூரில் திரு. ஹனீஃபா அவர்களின் புளிக்கடை என்பதை வாசகப் பெருமக்களிடம் முதலிலேயே ஒப்புக்கொள்வது முறை. இதை எழுதுகிறவன் அங்கே புளி வாங்கத்தான் போனான். புளியோடு பாதிக் கதையும் கிடைத்தது. மறுபாதி அவனுடைய துணிச்சல். கதை எழுதுவது அவனுக்கு இதுவே முதல் தடவையாதலால், பிழைகளைப் பொறுத்தருளுமாறு (இவ்வாக்கியம் எல்லா முதல் கதைகளிலும் காணப்படுவதால் இத்துடன் நிறுத்தப்படுகிறது).

தொடக்கம் மூன்று முறை எழுதப்பட்டது. முதல் வரைவு: "ஜவ்வாது மலையின் சிகரங்களை மேகங்கள் தழுவிக்கொண்டிருந்த—" மேகங்கள் எதையும் தழுவவில்லை, அது சித்திரை மாதம். இரண்டாம் வரைவு: "இசைக்கு எல்லைகள் உண்டோ?" உண்டு. ஜமுனாமரத்தூரில் ஓர் அலுவலகத்தின் நான்கு சுவர்கள். மூன்றாவது வரைவு கீழே.

2

1961ஆம் ஆண்டு ஜமுனாமரத்தூருக்குச் சக்கரவர்த்தி என்றோர் அதிகாரி மாற்றலாகி வந்தார். எந்த அலுவலகம் என்று கேட்க வேண்டாம். எல்லா அலுவலகங்களும் மரியாதைக்குரியவை. நிலப் பட்டாவுக்கு அவர் கையெழுத்து வேண்டும் என்பது தெரிந்தால் போதும்.

அவர் ஒரு கிராமபோன் பெட்டியையும், ஒரே இசையின் இரண்டு பதிவுகளையும் கொண்டுவந்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டில், இளவயதிலேயே மறைந்த ஓர் ஐரோப்பியர் ஐந்து தந்தி வாத்தியங்களுக்கென எழுதிய இசை அது. (அவர் பெயரை உச்சரிப்பதில் கற்றோரிடையே கருத்து வேறுபாடு உண்டு. எவர் மனமும் புண்படாதிருக்கப் பெயர் தவிர்க்கப்பட்டது.)

முதல் பதிவு இரண்டாம் உலகப் போருக்கு முந்தியது. அதில் ஆன்மா இருப்பதாக அதிகாரி கருதினார். இரண்டாவது போருக்குப் பிந்தியது. அதில் ஆன்மா இல்லை என்பதை அடிக்கடி கேட்டு உறுதிசெய்துகொள்வதற்காகவே அதையும் விலைகொடுத்து வாங்கியிருந்தார்.

மனுவோடு வருகிறவர் யாராயினும் பெஞ்சில் உட்காரவைத்து, மெதுவாகச் செல்லும் பகுதியை மட்டும் இரண்டு பதிவுகளிலும் போட்டுக் காட்டுவார். பிறகு, "எது மேல்?" என்பார். அன்போடுதான் கேட்பார். முதலாவது என்றவர்களின் மனு அன்றே நகர்ந்தது. இரண்டாவது என்ற ஒரே ஒருவரின் மனுவுக்கு மேலும் விசாரணை தேவைப்பட்டது. அன்று முதல் மலை முழுவதும் முதல் பதிவையே விரும்பிற்று. அதிகாரி நெகிழ்ந்துபோய், 'நாகரிகத்தால் கெடாத மலைமக்களின் ஒருமித்த தீர்ப்பு' என்று சென்னைப் பத்திரிகை ஒன்றுக்குக் கட்டுரை எழுதத் தொடங்கினார்.

3

பெரியம்மாள் கணவனை இழந்தவள். அவள் மாமனார் காலத்திலிருந்து உழுதுவரும் மேட்டுச் சாமைக்காட்டுக்குப் பட்டா இல்லை. மழைக்குள் பட்டா காட்டாவிட்டால் காட்டைவிட்டு இறங்க வேண்டும் என்று அந்த ஆண்டு தாக்கீது வந்தது. வாரச் சந்தைக்குப் புளி எடுக்க வந்த ஹனீஃபாவிடம் அவள் யோசனை கேட்டாள்.

"ரெண்டு பிளேட்டு போடுவாரு. மொதல்து நல்லாக்குதுன்னு சொல்லிட்டு, கையெழுத்த வாங்கிக்கினு வந்துரும்மா."

"இன்னா பாய் அது, பாட்டா?"

"பாட்டு கெடையாது. யாரும் வாயே தொறக்க மாட்டாங்க. பிடிலு மட்டும் இழுப்பாங்க."

"கேக்காம எப்டி நல்லாக்குதுன்றது?"

"கேளு, யாரு வாணான்னது? சொல்றத மட்டும் இப்பவே முடிவு பண்ணிக்கோ."

"ஏன் நல்லாக்குதுன்னு கேட்டாருன்னா?"

"ஆழம்னு சொல்லு. எல்லாரும் அதான் சொல்றாங்க. போன வாரம் கெணத்து மனுவோட போனவன் பயத்துல இருபது அடி ஆழம்னுட்டான். அதுக்கும் கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டாரு."

(ஒரு வரைவில் ஹனீஃபா அவளுடைய காட்டின் மீதே கண் வைத்திருந்தார். கதைக்கு வில்லன் வேண்டும் என்று எங்கோ படித்த விளைவு. கதையைத் தந்து, புளியையும் நிறைய நிறுத்துக் கொடுத்தவரை வில்லனாக்குவது நன்றியன்று. நீக்கப்பட்டது.)

4

பெரியம்மாள் பெஞ்சில் உட்கார்ந்ததும், வீரன் என்ற அலுவலக டவாலி கிராமபோனுக்குச் சாவி கொடுத்து முள்ளை வைத்தான். முதல் பதிவு அவளுக்குச் சாவு வீடு போல இருந்தது. ஒருவன் அழ, நால்வர் அவனைத் தாங்கிப் பிடித்திருந்தார்கள். சாவு வீட்டில் இருப்பது போலவே, முடியும்வரை தலை குனிந்து அடக்கமாக இருந்தாள்.

இரண்டாவதிலும் அதே அழுகைதான். ஆனால் முதலாவதில் காதில் விழாத ஒருவன் அடியில் தந்தியை விட்டு விட்டுத் தொட்டுக்கொண்டிருந்தான். 'அழுதது போதும், எழுந்திரு, வேலை கிடக்கிறது' என்று அவன் சொல்வது போல அவளுக்குப் பட்டது. கணவன் இறந்தபோது அதைச் சொல்ல ஆளில்லாமல் அவள் தானாகவே எழுந்து காட்டுக்குப் போனவள்.

"இன்னொரு தபா அத்தப் போடுங்க," என்றாள்.

"எம்மா, அது ரெண்டாவது," என்றான் வீரன், பல்லைக் கடித்தபடி.

(இவ்விடத்தில் எழுதுகிறவனுக்கு ஓர் ஐயம் எழுந்து, வேலை சில நாள் நின்றது. பெரியம்மாளுக்கு இவ்விசை பிடிக்கவில்லை என்று எழுதினால் படித்தவர்கள் மகிழ்வார்கள். பிடித்தது என்று எழுதினாலும் படித்தவர்களே மகிழ்வார்கள். அவளுக்கு இதனால் என்ன என்பது விளங்கவில்லை. அவளுக்கு வேண்டியது பட்டா.)

5

மூன்று முடிவுகள் எழுதப்பட்டன.

அ. அவள் "மொதல்து" என்கிறாள், பட்டா கிடைக்கிறது. உண்மைக்கு மிக அருகில் உள்ளது. எவரும் பரிசு தரமாட்டார்கள்.

ஆ. "ரெண்டாவது" என்கிறாள், அதிகாரி கண்ணீர் மல்கக் கையெழுத்திடுகிறார். எழுதி முடித்தபோது எழுதுகிறவனுக்கே வெட்கமாக இருந்தது.

இ. "ரெண்டாவது" என்கிறாள், காடு போகிறது. உயர்ந்த முடிவு. நிலம் போவது எழுதுகிறவனுடையது அன்று என்பதால் எழுதுவதும் எளிதாக இருந்தது. அதனாலேயே அதுவும் நீக்கப்பட்டது.

6

"எது மேல், சொல்லும்மா," என்றார் சக்கரவர்த்தி. பேனா மூடி திறந்திருந்தது.

அதிகாரிகளிடம் பொய் சொல்வது பெரியம்மாளுக்குப் புதிதன்று. இந்தப் பொய் மட்டும் வாய்வரை வந்து நின்றது.

"ஐயா, ஒண்ணு கேக்கலாங்களா?"

"கேளு."

"எனக்கு எது புடிச்சிதுன்னு கேக்கறீங்களா, இல்ல கையெழுத்துக்காவக் கேக்கறீங்களா? ரெண்டுக்கும் வேற வேற பதிலுங்க."

"கையெழுத்துக்காகன்னா?"

"மலையில எல்லாரும் கையெழுத்துக்குத்தானுங்க சொல்லிக்கினு வர்றாங்க."

அதிகாரி வீரனைப் பார்த்தார். வீரன் கிராமபோனைப் பார்த்தான்.

"உனக்கு எதுடா பிடிக்கும்?"

"எனக்கு மொதல்துதாங்க ஐயா. இன்கிரிமெண்டு வந்ததுலேர்ந்து."

மேசையில் கட்டுரை ஒருபுறம், மனு மறுபுறம். கையெழுத்துக்காகத்தான் என்று அதிகாரி சொல்லிவிட்டால், 'ஆழம்' என்று சொல்ல அவள் ஆயத்தமாக இருக்கிறாள். பட்டா கிடைக்கும், கட்டுரை பிழைக்காது. பிடித்ததைத்தான் கேட்டேன் என்றாலோ, அதையும் சொல்வாள். அதற்குப் பின் அவருடைய பேனா என்ன செய்யும் என்பதை அவரே அறிவார்.

மூன்று முடிவுகளிலும் பதில் சொல்ல வேண்டியவள் பெரியம்மாள் என்றே எழுதுகிறவன் நினைத்திருந்தான். இப்போது பார்த்தால், கேள்வி மேசைக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. ஓர் அதிகாரியைப் பார்த்து, "ஐயா, பதில்?" என்று கேட்கும் தைரியம் எழுதுகிறவனுக்கு இல்லை; அவனுக்கும் அலுவலகங்களில் சில மனுக்கள் உண்டு.

ஆகவே வாசகர் அவர்கள் அருள்கூர்ந்து அதிகாரியின் அந்நாற்காலியில் சற்றே அமர்ந்து, அவளுக்குப் பதில் சொல்லுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள். அவள் பெஞ்சைவிட்டு எழவில்லை. கையெழுத்து இல்லாமல் எழுவாள் என்றும் தோன்றவில்லை.